காட்டுக்கு ஒரு டிக்கெட்

லாரியில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஆளுக்கு ஒன்று மாற்றிச் சொல்ல வேண்டாம்.

அம்மா இருந்தாள். பம்ப் ஸ்டவ்வை மடியில் வைத்திருந்தாள். அப்பா இருந்தார். பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. அவளோடு ஒரு கூடை, கூடைக்குள் இரண்டு கோழி. தையல்கார பாய் இருந்தார். மெஷினைக் கயிற்றால் தன் இடுப்போடு கட்டியிருந்தார். பூக்கார அக்கா இருந்தாள். மேஸ்திரி முன்னால் டிரைவர் பக்கத்தில். நான் இருந்தேன். பத்து வயது. அத்தைக்கும் கோழிக்கும் நடுவில்.

மற்றவர்கள் அடுத்தடுத்த லாரிகளில் வந்தீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் வயசாகிக்கொண்டு வருகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், நம்மில் ஒருத்தி தன் மருமகளிடம் "நாங்க ஆரம்பத்துலருந்தே லேஅவுட்டுதான்" என்றாள், தகர ஷெட்டில் இருந்ததே இல்லை என்கிற மாதிரி. சாப்பிட்ட இலையை அப்படியே விட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சிட்டிக்குள்ளே நீலசந்திராவில் சாக்கடை ஓரம் நம் குடிசை வரிசை. ரோடு அகலம் பண்ண வேண்டும் என்று எடுத்தார்கள். பதிலுக்கு ஆளுக்கு இருபதுக்கு முப்பது அடி சைட். பொம்மனஹள்ளி தாண்டி, ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே, கல்குவாரி முனை தாண்டி, அதற்கும் மேலே மூன்று மைல். தொண்ணூற்று மூன்றோ நான்கோ. மார்ச் மாதம்.

லாரி நின்றது. தைல மரம். அதற்குப் பின்னால் தைல மரம். நடுவில் கொஞ்சம் வெட்டித் தரை போட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு. தகர ஷெட் வரிசை. ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் தண்ணீர் இல்லை. அத்தை கூடையை இறக்காமலே கேட்டாள்.

"டேய் தம்பி, இன்னாடா இது? காட்ல கொண்டாந்து கொட்டிட்டானுங்க?"

அன்றிலிருந்து அது காடு. யாரும் கூடிப் பேசி வைத்த பெயர் இல்லை. அத்தை வாயில் வந்தது, நின்றுவிட்டது.

சரியாகப் பார்த்தால் அது காடும் இல்லை. யாரோ எந்தக் கம்பெனிக்கோ நட்ட மரங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. எந்தக் காட்டில் மரம் வரிசையில் நிற்கும்? கீழே புல் கிடையாது. சருகுதான். நடந்தால் அப்பளம் உடைகிற சத்தம். அந்தச் சருகைத்தான் அடுப்பில் போட்டோம். சரசரவென்று பிடிக்கும், உடனே அணையும். குழம்பு, சோறு, தலைமுடி, பள்ளிக்கூட நோட்டு எல்லாவற்றிலும் தைல வாசனை. முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு வெறுத்துவிட்டது. இன்றைக்கும் எனக்குச் சளி பிடித்தால் தைலம் தடவ விட மாட்டேன்.

வந்த அன்றே லாரியில் எங்கள் சுவர்க் கண்ணாடி காணாமல் போனது. உடைந்தால் துண்டாவது கிடைக்கும். துண்டும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் பாய் வீட்டுக்குப் போய்த்தான் முகம் பார்த்தோம்.

அந்தச் சொல்லை ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். பாய் ஜங்கிள் என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நீலசந்திராவில் மிச்சம் இருந்த சொந்தக்காரர்கள் "காட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்பார்கள். தலை கலைந்திருந்தால் காட்டான். சத்தமாகப் பேசினால் காட்டுக்கத்தல். சோறு இரண்டாம் முறை கேட்டால் "காட்ல ஒண்ணும் கிடைக்கலியா" என்று கேள்வி. அப்பா அந்தச் சொல்லையே சொல்ல மாட்டார். "அந்தப் பக்கம்" என்பார். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற இடத்தில் கேட்டால் பொம்மனஹள்ளி என்று சொல்லிவிடுவார்.

அம்மா மட்டும் வெட்கப்படவில்லை. அவள் தருமபுரிப் பக்கம். அங்கே காடு என்றால் மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். காலையில் ஊரே "காட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பும். அவளுக்கு அதில் புலியும் இல்லை, கேவலமும் இல்லை.

"காடுன்னா வேலை. இதுல இன்னா வெக்கம்?" என்பாள்.

அம்மாவுக்கு வேலை பிரேசர் டவுனில். இரண்டு வீடு. ஒரு வீடு வந்த முதல் வாரமே போய்விட்டது. நேரத்துக்குப் போக முடியவில்லை. இன்னொரு வீட்டில் டீச்சரம்மா. அவர் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தார். ஒரு பக்கம் கை கால் வராது. அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி கொடுக்க இரண்டு பேர் வேண்டும். அதை முடித்துவிட்டுத்தான் டீச்சரம்மா ஸ்கூலுக்கு ஓட வேண்டும். அம்மா ஏழரைக்கு அங்கே இருந்தாக வேண்டும்.

நீலசந்திராவில் இருந்தவரை கஷ்டம் இல்லை. காட்டிலிருந்து மூன்று மைல் நடந்து, கல்குவாரி முனையில் பஸ் பிடித்து, சிவாஜிநகரில் இறங்கி, மறுபடியும் நடந்து போனால் எட்டரை. நாலு மணிக்கு எழுந்தாலும் எட்டரை. முனையிலிருந்து முதல் பஸ்ஸே ஏழு மணிக்கு மேல்தான்.

ஸ்கூல் தூரமாகி நின்றுவிட்டதால் நானும் அம்மாவோடு போனேன். டீச்சரம்மா எனக்கு ரொட்டி கொடுப்பார். கேள்வி கேட்பார்.

"காட்டுல பாம்பு இருக்கா?"

"இருக்குது."

"புலி?"

"புலி இல்ல டீச்சர். மேஸ்திரி இருக்காரு."

அவர் சிரித்துவிட்டார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். சிரித்து முடித்துவிட்டு டீச்சரம்மா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு உன்னை விட மனசில்லம்மா. ஆனா ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்கு லாஸ்ட் வார்னிங் குடுத்தாச்சு. நீ ஏதாவது வழி பண்ணு."

வழி பண்ணத்தான் எல்லோரும் பஸ் டெப்போவுக்குப் போனோம். நீங்களும் வந்தீர்கள். இரண்டு முறை போனோம். மூன்றாம் முறை டெப்போ ஆபீஸர் ஒப்புக்கொண்டார். பதினைந்து நாள் பார்ப்போம் என்றார். காலை ஆறு மணிக்குக் காடு வரை ஒரு பஸ். ஆள் இருந்தால் தொடரும். இல்லையென்றால் நிற்கும்.

முதல் நாள் பஸ் மரங்களுக்கு நடுவில் வந்தபோது அத்தையின் கோழி பயந்து ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. பூக்கார அக்கா பஸ் கண்ணாடிக்கு ஒரு முழம் மல்லிகை போட்டாள். டிரைவர் அதை எடுக்கவில்லை. நரைத்த மீசை. பேசாத ஆள். பத்து நாள் அம்மா ஏழேகாலுக்கே டீச்சரம்மா வாசலில் நின்றாள்.

பதினோராம் நாள்தான் நாம் அதைச் செய்தோம்.

தண்ணீர் லாரிக்காரன் முந்தின நாள் சாயங்காலம் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "நாளைக்குக் கணக்கெடுக்க ஆளு வர்றாங்களாம்." அவ்வளவுதான் சொன்னான். என்ன கணக்கு, யார் கணக்கு என்று அவனுக்கும் தெரியாது.

அதைக் கேட்டதும் அப்பா கையில் இருந்த பீடியைக் கீழே போட்டார்.

அப்பாவைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள். நீலசந்திராவில் சைட்டுக்குக் கணக்கெடுத்த அன்று அப்பா மார்க்கெட்டில். அம்மா டீச்சர் வீட்டில். நான் ஸ்கூலில். வீடு பூட்டியிருந்தது. ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு வரியை அழிக்க அம்மா எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். கணக்கெடுப்பு என்றால் வீட்டில் இருக்க வேண்டும். தலை எண்ணும்போது தலை இருக்க வேண்டும். நமக்கு அரசாங்கம் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. நாம் அதை நன்றாகப் படித்திருந்தோம்.

அப்பா ஷெட் ஷெட்டாகப் போய்ச் சொன்னார். "நாளைக்கு யாரும் வெளிய போகாதீங்க. கார்டை எடுத்து வெச்சுக்கோங்க. பட்டா குடுக்கத்தான் வர்றானுங்க." பட்டா என்பதை யாரும் சொல்லவில்லை. அப்பாவே சேர்த்துக்கொண்டார்.

மேஸ்திரியும் தன் வேலையாட்களை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் மாட்டேன் என்றாள்.

"நான் போவணும்யா. பெரியவரு நாறிக் கெடப்பாரு."

"ஒரு நாள்மே. ஒரே நாள். மறுபடியும் எட்டு மாசம் அலையப் போறியா?"

அம்மா யோசித்தாள். நின்றுவிட்டாள். எனக்குத் தெரிந்து அப்பா பேச்சை அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விடிந்தது. எல்லோரும் குளித்திருந்தோம், தண்ணீர் இல்லாத ஊரில். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தது. அத்தை கல்யாணப் புடவை. பாய் தொப்பி. ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம்.

ஆறு மணிக்குப் பஸ் வந்தது. மர வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றது. எழுதுகிற அட்டையோடு ஒரு ஆள் இறங்கினார். பஸ் படி பக்கத்திலேயே நின்றார். நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் மணியைப் பார்த்தார்.

"இன்னா இன்னும் வரல?" என்றாள் அத்தை.

"வருவாரு. பெரிய ஆபீஸருக்காகக் காத்துட்டிருக்காரு," என்றார் அப்பா.

பதினைந்து நிமிஷம். அந்த ஆள் ஏதோ எழுதினார். ஏறினார். பஸ் திரும்பிப் போய்விட்டது.

"பாத்தியா? ஆபீஸரக் கூட்டியாரப் போறாரு," என்றார் அப்பா.

மத்தியானம் வரை நின்றோம். தகரம் காய்ந்து வாசலில் நிற்க முடியவில்லை. குழந்தைகள் சருகில் படுத்துத் தூங்கிவிட்டன. பூக்கார அக்கா கட்டாத மல்லிகை மொத்தமும் கூடையிலேயே மலர்ந்து வாடியது. முதலில் கார்டைக் கீழே வைத்தது பாய். "நம்மள யாரும் பாக்க வரல, அண்ணே," என்றார்.

மறுநாள் பஸ் இல்லை.

டெப்போவுக்கு அம்மா, அப்பா, நான். பஸ் ஏறுகிற ஆளை எண்ண வந்தவர் எழுதின தாளை ஆபீஸர் எடுத்துக் காட்டினார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது. நான் கன்னட ஸ்கூல். அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். இரண்டு வரி. இடம்: காடு. ஜனம் இல்லை. கன்னடத்திலும் காடு காடுதான். படிக்கக் கஷ்டமே இல்லை.

அம்மா மேஜைக்குக் கிட்டே போனாள்.

"சார், என்னப் பாத்தா உங்களுக்கு இன்னாவாத் தெரியுது?"

"அம்மா, பேச்சு வேணாம். அன்னிக்கு ஒருத்தரும் ஏறல. ரிப்போர்ட் இருக்கு."

"பத்து நாளு ஏறனமே. டிக்கெட்டு வாங்கனமே."

"டிக்கெட்ல கல்குவாரி முனைன்னு இருக்கு. காடுன்னு ஒரு ஸ்டேஜே இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. களைத்த ஆள். "காடுன்னா என்னம்மா அர்த்தம்? ஜனம் இல்லாத ஜாகான்னு அர்த்தம். பஸ்ஸு ஜனத்துக்கு. நரிக்கு விட முடியுமா?"

"எங்க ஊர்ல காட்லதான் சார் ஜனம் இருக்கும். வூட்லதான் யாரும் இருக்க மாட்டாங்க."

"இது உங்க ஊர் இல்லம்மா."

"அப்ப எது எங்க ஊரு? நீங்கதான கொண்டாந்து வுட்டீங்க?"

"நானா விட்டேன்?" என்றார். அதுவும் நியாயம்தான். அவர் விடவில்லை.

வெளியே வந்ததும் அப்பா டெப்போ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னாலதான்," என்றார். அம்மா டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் மேஸ்திரிக்கு ஒரு யோசனை வந்தது. பேர்தான் கோளாறு என்றார். காடு என்று நாமே சொன்னால் எவன் பஸ் விடுவான்? ஒரு பெரிய தலைவர் பேரைப் போட்டு நகர் என்று சேர்த்து, கல்குவாரி முனையில் தகரப் பலகை நட்டார். மஞ்சளில் சிவப்பு எழுத்து. அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி வீட்டுக்கு ஓசூரிலிருந்து வந்த விருந்தாளி முனையில் இறங்கி, பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு, பலகையில் உள்ள பேரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரனுக்குத் தெரியவில்லை. பங்க்சர் கடைக்காரனுக்குத் தெரியவில்லை. கடைசியில் "மேஸ்திரி வூடா? காட்ல" என்று கை காட்டியது ஒரு சின்னப் பெண். அந்த மாதக் காற்றில் பலகை சாய்ந்தது. பிறகு அது பூக்கார அக்கா குளிக்கிற மறைப்புக்குக் கதவானது.

டீச்சரம்மா தவணை கொடுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை ஏழரைக்கு வராவிட்டால் வேறு ஆள். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து பெரியவர் குழறிக் குழறி ஏதோ சொன்னார். அம்மாவின் பெயரைத்தான் சொன்னார். வேறு பெயர் அவருக்கு வராது.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் சிவாஜிநகரில் பஸ் ஏறினோம். கண்டக்டர் இளவட்டம், வாய் நிறைய பாக்கு. அம்மா காசை நீட்டினாள்.

"காட்டுக்கு ஒரு டிக்கெட். ஒரு அரை."

"எந்தக் காட்டுக்கு? பன்னேர்கட்டாவா? யானை பாக்கப் போறியா?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"நம்ம காட்டுக்கு."

"அப்படி ஸ்டேஜ் இல்லம்மா. முனை வரைக்கும் போட்டிருக்கேன்."

கல்குவாரி முனை வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அம்மா உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன்.

"இறங்கம்மா. லாஸ்ட் ஸ்டாப்."

"என் ஸ்டாப்பு இன்னும் வரல."

கண்டக்டர் கத்தினார். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடவில்லை. டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்துவிட்டு வந்து பஸ்ஸைத் திருப்பினார்கள். நாங்களும் திரும்பினோம். பொம்மனஹள்ளியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நடந்தோம். மூன்று மைலுக்குப் பதில் ஏழோ எட்டோ. எனக்குச் செருப்பு அறுந்துவிட்டது. அழுதேன்.

"அழுதுட்டே நட," என்றாள் அம்மா. "நிக்காத."

புதன்கிழமை அத்தையும் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். "காட்டுக்கு ஒண்ணு" என்று அவளும் கேட்டாள். வியாழக்கிழமை பூக்கார அக்கா, பாய், பாயின் இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மேஸ்திரியின் ஆட்கள் ஏழு பேர், சிமெண்ட் காலோடு. மூன்று நாளும் பொம்மனஹள்ளியிலிருந்து திரும்ப நடந்தோம். பாய் வழியெல்லாம் ஜோக் சொன்னார். அத்தை கால் வீங்கிவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னவர்கள் இருந்தால் இப்போதாவது சொல்லுங்கள், கேட்கிறேன்.

அதை ஒரு பெரிய போராட்டம் என்று நான் சொல்லவில்லை. கொடி கிடையாது. கோஷம் கிடையாது. டிக்கெட் எடுத்தோம், போகிற இடம் சொன்னோம், இடம் வரவில்லை, இறங்கவில்லை.

முடிவு உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பஸ் வந்தது. அம்மா அந்த வீட்டில் இன்னும் பதினாறு வருஷம் வேலை செய்தாள். பெரியவர் போனபோது கடைசியாகத் துடைத்துவிட்டது அவள்தான். மரத்தை எல்லாம் வெட்டிவிட்டார்கள். இப்போது அந்தப் பஸ்ஸுக்கு நம்பர் இருக்கிறது, நெற்றியில் ஓடுகிற எழுத்து இருக்கிறது. எழுத்தில் வேறு பேர் ஓடுகிறது. அபார்ட்மெண்ட்டுக்காரர்கள் வைத்த பேர். நம் பிள்ளைகள் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்களும் கல்யாணப் பத்திரிகையில் அதைத்தான் போடுகிறீர்கள். போடுங்கள்.

நான் ஆட்டோக்காரனிடம் காடு என்றுதான் சொல்வேன். வயசான ஆட்டோக்காரனுக்குப் புரியும். சின்னவனுக்குப் புரியாது. வழி சொல்லிக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு பையன் கேட்டான், "ஏன் ஆண்ட்டி, நல்ல பேரு இருக்கும்போது இப்படிச் சொல்றீங்க?" இது கெட்ட பேர் என்று உனக்கு யார் சொன்னது என்றேன். ஜனம் இல்லை என்று எழுதின இடத்தில் நாம் இருந்தோம். பேரை மாற்றினால் நாம் இருந்ததையும் சேர்த்துத்தான் அழிக்கிறோம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை.

சொல்ல வந்தது அந்த வாரத்துச் சனிக்கிழமையைப் பற்றி.

அன்று சாயங்காலம் மார்க்கெட் ஸ்டாப்பில் அப்பா ஏறினார். எனக்கு ஆச்சரியம். அவர் எப்போதும் காய்கறி லாரியில் பொம்மனஹள்ளி வரை வந்து நடந்துவிடுவார். அன்று பஸ்ஸில். அவருக்குப் பின்னாலேயே அவரோடு மூட்டை தூக்குகிற நம் ஆட்கள். அவர்தான் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஷெட் ஷெட்டாகப் போய்ச் சொன்ன அதே வாய். கண்டக்டர் டிக்கெட் கட்டோடு அவர் முன்னால் நின்றார்.

"எங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காட்டுக்கு ஒண்ணு," என்றார் அப்பா.

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று டிரைவர் மாறியிருந்தார். நரைத்த மீசை. காலையில் நம்மிடம் பத்து நாள் வந்த அதே ஆள்.

கல்குவாரி முனை. வெளியூர் ஆட்கள் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. நின்றவர்களும் இறங்கவில்லை. இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு குழந்தை மட்டும் அழுதது, பால் கொடுத்ததும் அதுவும் நின்றது.

"இன்னிக்கும் ஆரம்பிச்சாச்சா? குரு, நீங்க போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க வண்டிய," என்று கண்டக்டர் டிரைவரிடம் கத்தினார். "இது தினமும் ஆச்சு. ஜனமே இல்லாத காட்டுக்கு டிக்கெட் குடுன்னா நான் எங்க போவேன்?"

டிரைவர் எஞ்சினை அணைத்தார். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"ஜனம் இருக்கு," என்றார்.

"ரிப்போர்ட்ல இல்லையே?"

"அன்னிக்கு நான்தான் ஓட்டினேன். வாசல்ல நின்னுட்டிருந்தாங்க. எல்லாரும் தலை சீவி, கார்டு புடிச்சுட்டு. ஏன் ஏறலன்னு எனக்குப் புரியல."

"அப்போ ஏன் நீங்க சொல்லல?"

"என்னை யாரு கேட்டா?"

அப்பா எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்.

"நான்தாங்க நிக்கச் சொன்னேன்," என்றார். "வூட்டுக் கணக்குன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னுது. அவங்களுது இல்ல."

டிரைவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "ரோடு எப்படிம்மா இருக்கு?"

"நீ வந்த ரோடுதான்."

எஞ்சின் உறுமியது. கண்டக்டர் என்னென்னவோ சொன்னார். சஸ்பெண்ட் என்றார், டீசல் என்றார், தன் மூன்று மாதக் குழந்தை என்றார். பஸ் மண் ரோட்டில் இறங்கியது. கிளைகள் இரண்டு பக்கமும் தகரத்தில் உரசின. உள்ளே தைல வாசனை வந்தது. அத்தை கல்லைப் போல உட்கார்ந்திருந்தாள், கண்ணில் மட்டும் தண்ணீர். பாய் கூட ஜோக் சொல்லவில்லை.

சுண்ணாம்புக் கோடு கிட்டே பஸ் நின்றது. டிரைவர் கண்டக்டரிடம் சொன்னார். "ரூட் தாண்டி வந்திருக்கோம். காரணம் எழுதணும். எத்தனை பேர் இறங்கறாங்களோ எண்ணி எழுது. கையெழுத்து நான் போடறேன்."

கண்டக்டர் பாக்கைத் துப்பினார். படிக்குக் கீழே நின்று, தாளை முட்டியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக இறங்கினோம். அவர் கன்னடத்தில் எண்ணினார். அம்மா கடைசி. அவளுக்கு முன்னால் நான்.

"இது அரை டிக்கெட். இத எண்ண வேண்டாம்."

அம்மா படியிலேயே நின்றுவிட்டாள்.

"நாலு நாளா அது முழுசாத்தான் நடந்துது. முழுசா எழுது."

அவர் என் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. எழுதினார். அம்மா இறங்கினாள். அவளையும் எழுதினார்.

"புள்ள, இன்னா எழுதறாருன்னு படி," என்றாள் அம்மா.

நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். இடம் என்ற கட்டத்தில் காடு என்று இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஜனம்.

நாற்பத்தேழு.